இரண்டு துண்டு குறைந்த அரண்மனை

தொண்ணூற்றெட்டாம் வருடம் மே மாதம் எனக்குப் பரோல் கிடைத்தது. என் மனைவி சுமதிக்குக் கிடைக்கவில்லை. பதற வேண்டாம். நாங்கள் சிறையில் இல்லை. நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஒரு அபார்ட்மென்டின் இரண்டாம் மாடியில் இருந்தோம். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டுமானால் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அதற்கு அட்வான்ஸ் பரோல் என்று பெயர். அது இல்லாமல் வெளியே போனால் விண்ணப்பம் செத்துப்போகும். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே உறையில்தான் அனுப்பினோம். என் கடிதம் வந்துவிட்டது. அவளுடையது எந்த மேஜையில் படுத்துத் தூங்கியதோ தெரியாது.

என் கம்பெனி மருந்துத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும். வியன்னாவில் ஒரு தொழிற்சாலைக்கு யாராவது போய், ஒரு வாரம் இருந்து, புதிய மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. சுமதியிடம் நான் சொன்னது இதுதான்: "கம்பெனில போயே ஆகணும்ங்கறாங்க. நான் என்ன பண்றது?" நடந்தது வேறு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஜூனிலும் போகலாம், செப்டம்பரிலும் போகலாம், உனக்கு எது வசதி என்று கேட்டார். செப்டம்பர் என்றால் சுமதியின் கடிதமும் வந்துவிடும், சேர்ந்தே போகலாம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். ஜூன் என்றேன்.

அந்த ஊரின் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று புரியும்.

சுமதி கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்தவள். கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி இல்லை, காரும் ஓட்டத் தெரியாது. நான் காலையில் போனால் இருட்டிய பிறகு வருவேன். முதல் குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜிப்லாக் பையில், துண்டுகளைப் பொருத்திப் படம் சேர்க்கும் ஒரு ஜிக்சா புதிர் கிடந்தது. ஆயிரம் துண்டு. மேலே படம் ஒட்டிய பெட்டி இல்லை, எனவே என்ன படம் என்றே தெரியாது. அதை வாங்கி வந்து மடக்கு மேஜையில் கொட்டினாள். தினமும் நான் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் சுவர் எழும்பியிருக்கும், ஜன்னல்கள் வந்திருக்கும். பனி உருகும் சமயத்தில் ஒரு பெரிய அரண்மனை முடிந்திருந்தது. இரண்டு துண்டு மட்டும் பையில் இல்லை. ஒன்று கூரையின் நடுவில், மற்றொன்று கீழே தோட்டத்தில், உயரமான பச்சை வேலிக்கு முன்னால்.

நூலகத்துக்கு நடந்தே போய், புத்தகம் புத்தகமாகப் புரட்டி, அது வியன்னாவில் இருக்கும் ஷான்ப்ருன் அரண்மனை என்று கண்டுபிடித்தாள். புத்தகங்களில் இருந்த படங்கள் எல்லாம் வேறு பக்கத்திலிருந்து எடுத்தவை. ஓட்டை ஓட்டையாகவே நின்றது. அப்படியே பசை தடவி, சட்டம் போட்டு மாட்டினாள்.

"எனக்கு சாக்லேட்டு, சென்ட்டு ஒண்ணும் வேண்டாங்க. அந்த ரெண்டு ஓட்டைல என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க. வீடியோல க்ளோஸ்அப் எடுத்துட்டு வாங்க. அது போதும்" என்றாள். புதிரை போட்டோ எடுத்து என் பெட்டியில் வைத்தாள். கூடவே ஒரு பாட்டில் பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. சுணங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீடியோ காமிரா நண்பர் மூர்த்தியுடையது. எங்கள் வட்டத்தில் யாராவது எங்கேயாவது போய்வந்தால் அதன் பின் வரும் சனிக்கிழமை பாட்லக் வைப்போம். ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு வருவார்கள்; சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோ போடப்படும். நான் நயாகராவை நேரில் ஒரு தடவையும் மூர்த்தி வீட்டு சோபாவில் நான்கு தடவையும் பார்த்திருக்கிறேன்.

"பழனி, இந்த சுவிட்ச்சைத் திருப்பினா ஆன். சிவப்பு பட்டன் ரெகார்டிங்குக்கு. நடுவுல ரீவைண்ட் பண்ணி மட்டும் பாக்காதீங்க, மறந்து அது மேலயே எடுத்துடுவீங்க. வந்தப்புறம் என் டிவில கனெக்ட் பண்ணி எல்லாரும் பாக்கலாம்" என்று பாடம் எடுத்தார். நான் கம்ப்யூட்டர் என்ஜினியர். ஒரு சுவிட்ச், ஒரு பொத்தான். இதற்கு மேல் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை வியன்னா. பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு டிராம் ஏறினேன். போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: பழைய நகரத்தைச் சுற்றி வட்டமாக ஓடும் டிராமில் ஏறி ஒரு முழுச் சுற்று வாருங்கள். பாராளுமன்றம், நாடக அரங்கம், ஆப்பெரா, அருங்காட்சியகங்கள் எல்லாம் கல்யாண வரவேற்பில் நிற்கிற சம்பந்திகள்போல வரிசையாக நிற்கும். நம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டும். நடந்து போகிறவனைப் பார்த்தால் கார் ரிப்பேர் என்று நினைத்து நிறுத்திக் கேட்பார்கள். இங்கே ஊரே நடக்கிறது.

டிராமில் கண்டக்டர் கிடையாது. எங்கள் ஊர் கோபியில் டவுன் பஸ் கண்டக்டர் இல்லாமல் ஓடினால் மூன்று நாளில் பஸ்ஸையே காணாமல் அடித்துவிடுவோம். இங்கே எல்லோரும் யோக்கியமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற சாதாரண சட்டைக்காரர் திடீரென்று ஒரு அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். "அட முருகா" என்றேன்.

"அந்த மெஷின்ல குத்தலைன்னா டிக்கெட் வாங்காததுக்கு சமம் சாரே" என்று பின் சீட்டிலிருந்து தமிழ் வந்தது.

அப்படி அறிமுகமானவர்தான் தாமஸ் சேட்டன். நாற்பது வயதிருக்கும். மலையாளி, கோயம்புத்தூரில் எட்டு வருஷம் மில் ஆபீஸில் இருந்தவர். மனைவி அன்னம்மா வியன்னாவில் நர்ஸ். கேரளத்து நர்சுகள் இந்த ஊரில் நிறைய என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இவர் இப்போது ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தார். பரிசோதகரிடம் எனக்காக ஜெர்மனில் ஐந்து நிமிடம் வாதாடினார். கடைசியில் அபராதம் கட்டினேன். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'இவர் புதுசு, தெரியாது'ன்னு நான் சொன்னேன். 'தெரியாதுங்கறவங்க முகம் எனக்குத் தெரியும், இது அந்த முகம்தான், ஆனாலும் கட்டணும்'னு அவர் சொன்னார்" என்று சிரித்துவிட்டு, தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தனக்கு ஓய்வு, ஷான்ப்ருனுக்குக் கூடவே வருவதாகவும் சொன்னார்.

அன்று முதல் காமிரா கழுத்தில்தான். சுவிட்ச்சைத் திருப்புவேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை அந்தத் துளையில் வைப்பேன், மெதுவாக இடமிருந்து வலம் காட்டுவேன், சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்துவேன். அடுத்த இடம் வந்ததும் மறுபடி ஒரு அழுத்து. மூலையில் ஏதோ எழுத்து மாறிக்கொண்டே இருந்தது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை, தேதியோ மணியோ என்று விட்டுவிட்டேன்.

திங்களும் செவ்வாயும் தொழிற்சாலை. நான்கு மணிக்கு மேல் அங்கே ஈ காக்கை இல்லை. நியூஜெர்சியில் ஏழு மணிக்குக் கிளம்பினால் "அரை நாள் லீவா?" என்று கேட்பார்கள். ஜூன் மாதம் இருட்ட ஒன்பது ஆகும். சாயங்காலம் முழுக்க என்னுடையது.

புனித ஸ்டீபன் பேராலயத்தைத் தேட வேண்டியதில்லை. எந்தத் தெருவில் வழி தவறினாலும் அங்கேதான் கொண்டுபோய் விடும். அதன் கூரையில் வண்ண ஓடுகளை வளைத்து வளைத்துக் கோலமாக அடுக்கியிருக்கிறார்கள். பவானி ஜமுக்காளத்தைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. தெற்குக் கோபுரத்தில் சுற்றிச் சுற்றி முந்நூற்றுச் சொச்சம் படி. பழனி மலை ஏறியவனுக்கு இதெல்லாம் ஒரு படியா என்று ஆரம்பித்து, பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழனியில் படி அகலம், மேலே போனால் பஞ்சாமிர்தம். இங்கே மேலே ஒரு சின்ன அறையும் படம் போட்ட தட்டுகளும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் தெரியும். முழு ஊரையும் ஒரு சுற்று எடுத்தேன். அழுத்தினேன். இறங்கினேன்.

புதன் மாலை பிராட்டர் பூங்காவின் ராட்டினம். தேர்த்திருவிழா ராட்டினம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒவ்வொரு தொட்டிலும் சின்ன ரயில் பெட்டி அளவு, மரத்தால் ஆனது, அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது. என் பெட்டியில் ஒரு குடும்பம் உள்ளேயே மேஜைத் துணி விரித்துத் தின்பண்டம் சாப்பிட்டுக்கொண்டு வந்தது. கீழே இறங்கி ஓட்டலில் அந்த ஊர்ப் பெயர்பெற்ற ஷ்னிட்சல் கேட்டேன். தட்டை விட்டு வெளியே தொங்கும் அளவுக்குப் பெரிய வறுவல் வந்தது. ஒரு வாய் வைக்கும் முன் கோழிதானே என்று கேட்டேன். "கன்றுக்குட்டி" என்றார் பரிமாறியவர், பெருமையாக. தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டேன். பிறகு ஒரு சீனக் கடையில் வெறும் சாதம் வாங்கி, ஓட்டல் அறையில் சுமதியின் பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்தேன். அப்போது அவள் நினைவு வந்தது. வயிறு நிறைந்த பிறகுதான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழன் ஏதோ தேவாலயத் திருநாள், ஆபீஸ் விடுமுறை. அரச குடும்பத்தின் கல்லறை நிலவறைக்குப் போனேன். வரிசை வரிசையாக உலோகச் சவப்பெட்டிகள், கட்டில் மாதிரி, தேர் மாதிரி. மகாராணி ஒருத்திக்கும் அவள் கணவருக்கும் ஒரே பெரிய பெட்டி. அதன் மேல் இரண்டு பேர் உருவமும் எழுந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் பசித்தது. ஆனால் சாவு வீட்டுக்குப் போய்விட்டு எப்படி அப்படியே சாப்பிடுவது? இருநூறு வருஷத்துச் சாவுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஓட்டலுக்குத் திரும்பி, தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு காபிக் கடைக்குப் போனேன். நம்மவர்கள் நிலவறைக்குப் போவதாயிருந்தால் அதைக் கடைசி நிகழ்ச்சியாக வைத்துக்கொள்வது நல்லது.

காபிக் கடைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். சின்ன வெள்ளித் தட்டில் காபியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். அதற்குப் பிறகு யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். ஒரு மணி நேரம் பேப்பர் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் இன்னொரு டம்ளர் தண்ணீர் வந்திருக்கும். கோபியில் டீக்கடை பெஞ்சில் இதே சுகம் உண்டு, தண்ணீர் மட்டும் நாமே மோந்து குடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் பாதிப் பேர் வரவில்லை. பத்து மணிக்கு என்னையும் போகச் சொல்லிவிட்டார்கள். போன் செய்தேன்; தாமஸ் சேட்டன் சுரங்க ரயில் நிலையத்தில் காத்திருந்தார். இந்தத் தடவை டிக்கெட்டை இரண்டு முறை குத்தப் பார்த்தேன், அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

ஷான்ப்ருன் துவரம்பருப்பு நிறத்தில் இருக்கிறது. அறைகளுக்குள் சீட்டு வாங்கிப் போகலாம். கண்ணாடிகள், சரவிளக்குகள், தங்கப் பூச்சு. ஆனால் முன்னால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்பக்கத் தோட்டமே ஒரு ஊர். மைதானம் முழுக்கப் பூப்பாத்திகள், இரு பக்கமும் மதில் உயரத்துக்கு வெட்டி நிறுத்திய பச்சை வேலி, எதிரே குன்றின் மேல் ஒரு மண்டபம். குன்றில் ஏறி நின்று அரண்மனையைப் பார்க்க வேண்டும்.

நான் சுமதி கொடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்த இடத்தைத் தேடினேன். "இடது பக்கம் வாங்க சாரே. இன்னும். அந்த ஜன்னல் மறையுது, பின்னால போங்க" என்று சேட்டன் போட்டோவைப் பார்த்து என்னை நகர்த்திக்கொண்டே வந்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு பூப்பாத்தி ஓரத்தில் ஒரு இடம் கிடைத்தது. ஜன்னல், புகைபோக்கி, வேலி எல்லாம் அதே மாதிரி நின்றன. சுவிட்ச்சைத் திருப்பினேன். கூரையின் நடுவைக் கிட்டே இழுத்துப் பிடித்து ஒரு நிமிடம். வேலிக்கு முன்னால் ஒரு நிமிடம். அழுத்தினேன். பெரிய காரியம் முடிந்த திருப்தி.

பெஞ்சில் உட்கார்ந்தோம். காமிராவை மடியில் சாய்த்து வைத்தேன்.

"அந்த சிவப்பு லைட் எப்பவும் எரியுமோ?" என்றார் சேட்டன்.

"பேட்டரி லைட்" என்றேன்.

பக்கத்து பெஞ்சில் இரண்டு வயதான பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். என்ன என்று கேட்டேன். "'இந்த ஆள் வந்ததுலேர்ந்து அரண்மனையப் பாக்கவே இல்லை, பெட்டிக்குள்ளயே பாக்கறார்'னு ஒருத்தி சொன்னா. 'வீட்டுல போய்ப் பாப்பாரா இருக்கும்'னு மத்தவ சொன்னா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

புதிரின் கதையைச் சொன்னேன்.

"நானும் மூணு வருஷம் அப்படித்தான் இருந்தேன் சாரே. அவ டூட்டிக்குப் போவா. எனக்கு வேலை பாக்க பேப்பர் இல்லை. எதிர் பில்டிங்ல எத்தனை ஜன்னல்னு இப்பக் கேட்டாலும் சொல்வேன். ஒரு தடவை ஆஸ்பத்திரில எல்லாரும் ரோம் டூர் போனாங்க. 'நர்சுங்க மட்டும்தான், ஃபேமிலி கிடையாது'ன்னா. சரின்னேன். அடுத்த வருஷம் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனா, ரோம் போட்டோ மாட்டியிருக்கு. எல்லாப் பெண்டாட்டி பக்கத்துலயும் ஒரு புருஷன். அன்னம்மா மட்டும் தனியா, கூலிங் கிளாஸ் போட்டு, ஒரே சிரிப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கோபம். அவ அழுதா, எத்தனையோ தடவை கூப்பிட்டா. நான் இன்னும் ரோம் போகலை. பத்து வருஷம் ஆச்சு."

அதற்குப் பிறகு நானும் என் கதையைச் சொன்னேன். செப்டம்பர், ஜூன், எல்லாம். நியூஜெர்சியில் யாரிடமும் சொல்ல முடியாததை, நாளை முதல் பார்க்கப்போகாத மனிதரிடம் சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது! சொல்லி முடித்ததும் எழுந்து, மறக்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்தி, குன்றின் மண்டபத்தை எடுக்க ஆரம்பித்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டாவது கேசட்டும் தீர்ந்துபோனது. இவ்வளவு எடுத்திருக்கிறேனே என்று பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை நெவார்க் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை மூர்த்தி வீட்டில் பாட்லக். ஐந்து குடும்பம். சுமதி எங்கள் பக்கத்து அரிசியும்பருப்பும் சாதம் செய்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, டிவிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுவரிலிருந்து புதிரையும் கழற்றி எடுத்து வந்திருந்தாள், எல்லோருக்கும் ஓட்டையைக் காட்ட.

மூர்த்தி கேபிளைச் செருகினார். திரையில் என் ஷூ வந்தது.

ஷூ நடந்தது. கல் பதித்த தெரு ஆடியது. யாரோ ஒரு நாயின் வால். டிராமின் தரை. மறுபடியும் என் ஷூ. காபிக் கடை மேஜையின் அடிப்பக்கம், நெடுநேரம். எங்கேயாவது படம் மெல்ல நிமிரும், என் விரல் வரும், உடனே கட்டாகிவிடும், அடுத்த தெருவின் தரையில் ஷூ.

"அங்கிள், இஸ் திஸ் எ ஷூ மூவி?" என்றாள் மூர்த்தியின் ஆறு வயது மகள்.

மூர்த்திக்குத்தான் முதலில் விளங்கியது. "பழனி! எடுக்க வேண்டியப்ப நிறுத்தி, நிறுத்த வேண்டியப்ப எடுத்திருக்கீங்க. ஆன் பண்ணினதும் ஓடும்னு யார் சொன்னது? சிவப்பை அழுத்தினாத்தான் ஓடும்!"

"சிவப்புன்னா நில்லுன்னுதானே அர்த்தம்?" என்றேன். அறையே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். ஸ்டீபன் கோபுரம் இல்லை, ராட்டினம் இல்லை, கூரையும் இல்லை வேலியும் இல்லை. ஒரு வாரம் முழுக்க நான் பார்க்காமல் விட்டதெல்லாம்தான் கேசட்டில் இருந்தது. கால் மணி நேரம் சிரித்துவிட்டு எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்கள்.

சுமதி மட்டும் எழவில்லை. "ரெண்டாவது கேசட்டைப் போடுங்க மூர்த்தியண்ணா. படம் இல்லாட்டி போகுது, சத்தமாவது கேக்கலாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெஞ்ச். மடியில் காமிரா. பேட்டரி லைட்.

"எதுக்கு சுமதி, வா சாப்பிடலாம். ஒண்ணும் இல்ல அதுல."

"நீங்க போய் சாப்பிடுங்க."

போகவில்லை. அவளுக்குப் பின்னால் சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் சரளைக் கல்லும் என் ஷூவும் சேட்டனின் செருப்பும். எதிர் பில்டிங் ஜன்னல்களை அவர் சொல்லும்போது சுமதி ஒலியைக் கூட்டினாள். ரோம் போட்டோ வந்தது. பிறகு என் குரல். அது எனக்கே வேற்று ஆளின் குரலாகக் கேட்டது.

"என்னை யாரும் அனுப்பலைங்க சேட்டா. செப்டம்பர்ல போகலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் ஜூன்னேன். அவ பேப்பர் வர்ற வரைக்கும் என் சந்தோசத்தையும் மூடி வெச்சுக்கணுமான்னு இருந்துச்சு. அவளைக் கூட்டிட்டு வந்தா அவ ஆசைப்பட்டதைத்தானுங்க பாக்கணும். ஒரு தடவை தனியா போலாம்னு தோணிப்போச்சு."

"அவங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா தாங்க மாட்டா."

சமையலறையில் யாரோ அப்பளம் எங்கே என்று கேட்டார்கள். திரையில் ஷூ எழுந்து நின்றது, விரல் வந்தது, கட்டாகிவிட்டது. சுமதி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

பிறகு எழுந்து போய் எல்லோருக்கும் சாதம் பரிமாறினாள். கேட்டவர்களிடம் சிரித்துப் பேசினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் புதிரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ரூட் பதினெட்டில் சிக்னலுக்கு நின்றபோது கேட்டாள்: "ஓட்டைல என்ன இருந்துச்சு?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ஒரு நிமிடம் கூரையையும் ஒரு நிமிடம் வேலியையும் பார்த்தவன். கண்ணாடி இல்லாத கண், சின்னத் துளை, எப்படியும் கேசட்டில் இருக்கிறதே என்ற நிம்மதி. ஒன்றும் நினைவில் இல்லை. "ஞாபகம் இல்லை" என்றேன். அந்த இரவு நான் பேசிய முதல் உண்மை அதுதான்.

"அந்த சேட்டன் இன்னும் ரோம் போகலையா?"

"இல்ல."

"முட்டாள்" என்றாள். "யாரு மேல கோபமோ அவங்க கூட சண்டை போடணும். ரோம் என்ன பண்ணுச்சு? நான் அப்பிடி இருக்க மாட்டேன். பேப்பர் வரட்டும். நான் போவேன். தனியா."

ஆகஸ்டில் அவள் கடிதம் வந்தது. அக்டோபரில் தன் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் வழியில் வியன்னாவில் இறங்கினாள். நானும் லீவ் போடவா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள், கோபமில்லாமல். மூர்த்தி காமிராவை நீட்டினார். அதையும் வேண்டாம் என்றாள். சேட்டனின் நம்பரை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் அவர்கள் வீட்டில் தங்கினாள். அவளும் அன்னம்மாவும் சேர்ந்து ஊர் சுற்றினார்களாம். எங்கெல்லாம் போனார்கள் என்று கேட்டதற்கு, "நீங்க போகாத இடமா பாத்துப் போனோம்" என்றாள். கோபுரம் ஏறவில்லையாம். ராட்டினம் ஏறவில்லையாம். ஷான்ப்ருனில் மட்டும் காலையிலிருந்து மாலை வரை.

திரும்பி வந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையை எடுத்து, ஓட்டையின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து அச்செடுத்து, நகவெட்டிக் கத்தரியால் துண்டு வெட்டினாள். கலர் பென்சிலால் மெனக்கெட்டு வரைந்தாள். கீழ் ஓட்டையில் வைத்து அழுத்தினாள், கச்சிதமாக உட்கார்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பச்சை வேலி, அதற்கு முன்னால் வெள்ளையாக ஒரு சிலையின் முழங்கை. அவ்வளவுதான். நான் ஒரு நிமிடம் பார்த்தது அந்த முழங்கையைத்தான்.

கூரையில் இருந்த ஓட்டையைக் காட்டி, "இது?" என்றேன்.

"அது உங்களுது."

"என்ன இருந்துச்சுன்னு சொல்லேன்."

கலர் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "போய்ப் பாத்துட்டு வந்து நீங்களே வெட்டி ஒட்டுங்க. இந்த தடவை யாரோ அனுப்புனாங்கன்னு சொல்லாதீங்க. நான் போறேன்னு சொல்லிட்டுப் போங்க."